இருபத்திரண்டு சட்டிக்கு மண்

தான் கொண்டுபோன மண் லோடை அக்கா நாக்கில் வைத்துத் துப்பினதை அவன் ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். டீக்கடையில் சொன்னாலும் சரி, குவாரியில் வண்டி வரிசையில் நிற்கும்போது சொன்னாலும் சரி, ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது. நாற்றுப் பண்ணையின் கேட்டுக்குள் டிப்பரைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தியிருந்தான். முதலாளி நின்றார். தண்ணீர் ஊற்றும் பெண்கள் ஏழு பேர் நின்றார்கள். அக்கா பின்கதவுப் பக்கம் வந்து ஒரு பிடி அள்ளினாள், முகர்ந்தாள், ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தாள், எல்லோரும் பார்க்கத் துப்பினாள். "இது ஆகாது. திருப்பிக்கிட்டுப் போ" என்றாள். தம்பி என்றுகூடச் சொல்லவில்லை. வழியில் போகிற எவனோ ஒரு வண்டிக்காரனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்றைக்கு கேட்டைத் தாண்டினவன்தான். முழு லோடையும் புறவழிச்சாலை ஓரத்துப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். அந்தப் பண்ணைக்கு மண் அடிப்பதுதான் சொந்த வண்டி வாங்கினபிறகு அவனுக்குக் கிடைத்த முதல் நிலையான வேலை. அதை வாங்கிக்கொடுத்தவளும் அக்காதான், பிடுங்கினவளும் அக்காதான்.

"அவங்க துப்பினது மண்ணைத்தானே, உங்க மூஞ்சியிலயா துப்பினாங்க?" என்று அவன் பெண்டாட்டி பலமுறை கேட்டிருக்கிறாள்.

"மண்ணு யாருது?" என்பான். அத்தோடு பேச்சு முடியும்.

அதற்கப்புறம் அக்கா வீட்டுத் தெரு வந்தால் கியரை மாற்றிக்கொண்டு விர்ரென்று போய்விடுவான். அக்கா மகள் வேலைக்குச் சேர்ந்தபோது இவனைக் கும்பிட வந்தாள். இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொன்னான். ஒருநாள் நல்ல மழை. பஸ் நிறுத்தத்தில் கூரை ஒழுகுகிற பக்கமாக அக்கா நின்றிருந்தாள், தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு. அவன் பார்த்தான். வண்டியை நிறுத்தவில்லை. துப்பின கதையை ஊருக்கெல்லாம் சொன்னவன் இதை மட்டும் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

அவனைவிட அக்கா ஆறு வயது மூத்தவள். அம்மா போனபோது அவனுக்கு எட்டு, அவளுக்குப் பதினாலு. நாலாம் வகுப்போடு அவன் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தபோது அடித்தவளும் அவள்தான், அடித்துவிட்டு அழுதவளும் அவள்தான். கல்யாணமாகி ஐந்தே வருஷத்தில் புருஷன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்தார். கையில் நாலு வயதுப் பெண். நாற்றுப் பண்ணைக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். மூன்றாவது வருஷம் மண் கலக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். பிறகு இருபத்தெட்டு வருஷம் அந்தக் கொட்டகைதான்.

பண்ணையில் அவளுக்கு மண்ணக்கா என்று பெயர். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார். அவள் கலந்த மண்ணை யாரும் கையால் அமுக்கக் கூடாது. அமுக்கினால், "என்ன, செடி எந்திரிச்சு ஓடிடும்னு பயமா?" என்று கேட்பாள். சட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லுவாள். உப்பு இருக்கிறதா, புளித்துப்போயிருக்கிறதா என்பதற்கு நாக்குதான். புதிதாக வந்த பெண்கள் முகம் சுளிப்பார்கள். "நீ தின்னுற சோத்துல கல்லு பார்க்குறதில்லையா? செடிக்கு வாய் இல்ல, நான் பார்க்கிறேன்" என்பாள். பண்ணையை விற்று அந்த இடத்தில் கிடங்கு கட்டினார்கள். அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போதுகூட அவன் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் அக்காவுக்குத் தொண்டையில் புற்று என்று பெண்டாட்டிதான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அவன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். போகலாமா என்று இருந்தது. கூப்பிட்டால் போகலாம் என்று உட்கார்ந்திருந்தான். அப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, அம்மா உங்களை வரச் சொன்னாங்க."

"எதுக்காம்?"

"மண்ணு வேணுமாம். சட்டியில போட."

அவன் போனை வைத்துவிட்டு பெண்டாட்டியைப் பார்த்து, ஒன்பது வருஷம் கழித்துக் கூப்பிடுகிறாள், அதுவும் லோடு அடிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் போய்ச்சேர்வதற்குள் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவுகட்டிக்கொண்டான். நான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை. அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

மண் விஷயத்தில் அவன் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. ஏரிக்கரைப் பக்கம் அடித்தளம் தோண்டுகிற இடத்தில் எட்டடிக்குக் கீழே வந்த கறுப்பு வண்டல், வெண்ணெய் மாதிரி இருந்தது. கல் கிடையாது, வேர் கிடையாது. மூன்று சாக்கு கட்டினான். ஐம்பத்தொரு வயதில், அக்கா குடியிருந்த மூன்றாம் மாடிக்கு மூன்று நடை, தோளில் சுமந்து ஏற்றினான். கனமான மண்தான் நல்ல மண் என்பது அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. முப்பது வருஷமாகத் தோள் சொன்னது.

கதவைத் திறந்த மகள் ஒதுங்கிக்கொண்டாள். அக்கா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்துத் தோல் கருகி, உரிந்து, மருந்து பூசியிருந்தது. மூக்கில் கஞ்சி போகிற குழாய். பாதி ஆள்தான் மிச்சம் இருந்தாள். வழியெல்லாம் வண்டியில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "எங்க வைக்கிறது?" என்று கேட்டான்.

"பின்பக்கம்" என்றாள். குரல் காற்றாக வந்தது.

சமையலறைக்குப் பின்னால் இரும்புப் படிக்கட்டின் மேடை. இரண்டு ஆள் நிற்கலாம். காலை வெயில் விழும். அங்கே ஒரு பலகையில் காகித டீக் கப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மிளகாய் நாற்று, ஐந்தாறு இலையோடு. கப்பின் அடியில் போட்ட துளை வழியாக வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது.

மகள்தான் கதையைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் புற்றுக்குக் கரண்ட் வைக்கிற அறைக்கு வெளியே ஒரு நீளப் பச்சை பெஞ்சு. காலை ஏழரைக்கெல்லாம் வந்து உட்கார வேண்டும். முப்பத்திமூன்று நாள். தினமும் அதே முகங்கள்: ஒரு பஸ் கண்டக்டர், ஒரு தையல்காரம்மா, ரிடையரான வாத்தியார், லாண்டரிக்காரர். எல்லோருக்கும் வாயிலோ தொண்டையிலோ. எல்லோருக்கும் நாக்கு வெந்து ருசி செத்துப்போயிருந்தது. ஒருநாள் கண்டக்டர், சாகிறதுக்குள்ள ஒரு பச்சைமிளகாயைக் கடிச்சுக் கண்ணுல தண்ணி வர சாப்பிடணும் என்று சொல்லியிருக்கிறார். பெஞ்சே ஆமாம் ஆமாம் என்றிருக்கிறது. அக்கா சொன்னாளாம்: "வாய் ஆறுறதுக்கும் செடி காய்க்கிறதுக்கும் சரியா இருக்கும். ஆளுக்கு ஒரு செடி தரேன். மறுபரிசோதனைக்கு வருவீங்கல்ல, அன்னைக்கு வாங்கிக்கோங்க." எண்ணிப் பார்த்திருக்கிறாள். இருபத்திரண்டு பேர். "எனக்கு மட்டும் காரம் கம்மியா குடுங்கக்கா" என்று லாண்டரிக்காரர் சொல்லி, சிரிக்க முடியாத வாயோடு எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

அன்றைக்கே விதை வாங்கி முப்பது கப்பில் போட்டாள். இருபத்துமூன்று முளைத்தது. மறுபரிசோதனைக்கு இன்னும் எட்டு வாரம். அதற்குள் சட்டிக்கு மாறி, வேர் பிடித்து, தானாக நிற்கிற செடியாக வேண்டும். மகள் கடையில் பாக்கெட் மண் வாங்கி வந்தாளாம். அம்மா பிரித்துக் கையை உள்ளே விட்டாளாம், சூடாக இருந்ததாம். மரத்தூள் இன்னும் மக்கவே இல்லை, வேகாத சோற்றைப் பிள்ளைக்கு ஊட்டுவாயா என்று கேட்டுவிட்டுத் தள்ளிவைத்தாளாம். அப்புறம்தான், தம்பியைக் கூப்பிடு என்றாளாம்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மேடைவரை வந்தாள். அவன் சாக்கின் வாயைப் பிரித்தான். பெருமையாகத்தான் பிரித்தான். அவள் ஒரு பிடி எடுத்து, கிண்ணத்துத் தண்ணீரில் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினாள். மண் அறுபடாமல் நீண்டது.

"பாம்பு மாதிரி நீளுது பாரு" என்றாள். "நல்ல மண்ணுதான். நிலத்துல போட்டா எதுவும் வரும். சட்டியில போட்டா செங்கல்லு."

"என் மண்ணு என்னைக்கு உனக்கு ஆகியிருக்கு?"

ஒன்பது வருஷத்தில் அவளிடம் அவன் பேசின இரண்டாவது பேச்சு அது. மகள் உள்ளே போய்விட்டாள். அக்கா கோபப்படவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் சொல்லி நீ கேட்க வேண்டாம். ஒரே ஒரு செடிக்கு மட்டும் போடு. ஒரு வாரம் பாரு" என்றாள்.

வேலை நடக்கிற கட்டடங்களிலிருந்து காலி பெயின்ட் வாளிகளை அவன் சேர்த்துக்கொண்டு வந்தான். நாலு லிட்டர் வாளிகள். கம்பியைக் காய்ச்சி ஒவ்வொன்றின் அடியிலும் ஆறு ஆறு துளை போட்டான். ஒரு வாளியில் தன் வண்டலை நிரப்பி, நாற்று ஒன்றை நட்டு, மேலே நன்றாக அமுக்கினான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு செடிக்காக தினமும் வந்தான். அதுதான் சாக்கு. வந்தால் மருந்துக்கடைக்கு ஓடினான், கஞ்சியை வடிகட்டிக்கொடுத்தான், குழாய் அடைத்துக்கொண்டால் மகளோடு சேர்ந்து தண்ணீர் விட்டு எடுத்தான். மூன்றாம் நாள் செடி தலையைத் தொங்கப்போட்டது. தண்ணீர் போதவில்லை என்று ஒரு செம்பு ஊற்றினான். நாலாம் நாள் இன்னும் தொங்கியது. இன்னொரு செம்பு ஊற்றினான். மேல் மண் காய்ந்து வெடித்திருந்தது, தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக இறங்கி வாளியின் ஓரமாக ஓடியது. நடுவில் சேறாக நின்றது. எட்டாம் நாள் இலை மஞ்சளாகிக் கொட்டியது. வாளியைக் கவிழ்த்தான். மண் வாளி உருவத்திலேயே கட்டியாக வந்து விழுந்தது. உடைத்தால் அழுகின வாடை. வெள்ளையாக இருந்த வேர் பழுப்பு நூலாகக் கிடந்தது. தண்ணீரில் நின்றே மூச்சு முட்டிச் செத்திருந்தது.

அவன் அந்தக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். சொன்னேனே பார்த்தாயா என்று அவள் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பான். அவள் கேட்கவில்லை. "சரியா இருபத்திரண்டுதான் இருக்கு. இனிமே ஒண்ணும் போகக் கூடாது" என்றாள். பிறகு, மகளிடம் பேனாவும் தாளும் கேட்டு, என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கு நார் எடுத்தபின் மிஞ்சுகிற தூள் இரண்டு சாக்கு. ஒரு வருஷமாவது மக்கின எரு ஒரு சாக்கு: கையில் எடுத்தால் சூடு இருக்கக் கூடாது, மாட்டு வாடை வரக் கூடாது, மழை பெய்த தரை வாடைதான் வர வேண்டும். பருமணல் அரைச் சாக்கு. அவன் இரண்டு நாள் அலைந்தான். முதல் எருக்குழியில் கையை விட்டுப் பார்த்தான், சூடாக இருந்தது, வேண்டாம் என்று வந்துவிட்டான். முப்பது வருஷம் மண் அடித்தவன் ஒரு லோடை வேண்டாம் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

கயிறு திரிக்கிற கொட்டகையிலிருந்து நார்த்தூள் வந்ததும் குளியலறைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விடச் சொன்னாள். தண்ணீர் டீ நிறத்தில் ஆனது. அக்கா குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வை" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்கு நாக்கு செத்துப்போச்சுடா. சீனியும் உப்பும் எனக்கு ஒண்ணுதான். உன் நாக்கை வெச்சுத்தான் பார்க்கணும்."

வைத்தான். கரித்தது. தொட்டியோரமாகத் துப்பினான். துப்பினபிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைத்தது. அவள் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை வடித்து இரண்டாம் தரம் கழுவினான். நாக்கில் வைத்தான், லேசாகக் கரித்தது. மூன்றாம் தரம் கழுவினான். நனைந்த மரப்பலகையை நக்கினமாதிரி இருந்தது, உப்பு இல்லை.

"போயிடுச்சு" என்றான். குனிந்தபடியே, தொட்டியிடம் சொல்வதுபோல, அடுத்ததைச் சொன்னான். "அன்னைக்கு முந்தின நாள் வண்டியில உப்பு லோடு அடிச்சிருந்தேன்."

"தெரியும்."

"வண்டியைக் கூட்டிப் பெருக்கிட்டுத்தான் மண்ணை ஏத்தினேன்."

"கூட்டினா போயிடுமா. வண்டித் தொட்டி மூலையெல்லாம் வெள்ளையா இருந்துச்சே." கொஞ்சநேரம் மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டாள். "உள்ள எட்டாயிரம் மிளகாய் நாத்து நின்னுச்சு. அதைப் போட்டிருந்தா மூணு நாள்ல நுனி கருகியிருக்கும். உப்புன்னு வாயைத் திறந்திருந்தா எந்தப் பண்ணையிலயும் உன்னை உள்ள விட்டிருக்க மாட்டாங்க. அதான் ஆகாதுன்னு மட்டும் சொன்னேன். இறங்கி வாடான்னு பின்னாடியே வந்து கூப்பிட்டேன். நீ கேட்டைத் தாண்டிட்டே."

அவள் கூப்பிட்டது அவனுக்கும் ஞாபகம் இருந்தது. ஊருக்குச் சொன்ன கதையில் அதைத்தான் அவன் சேர்த்ததே இல்லை.

"துப்பினது தப்பு" என்றாள். "தனியா வந்து பார்த்திருக்கணும். திருப்பி அனுப்பினது தப்பில்ல."

ஒன்பது வருஷமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தானோ அந்த வார்த்தை. அதை வாங்கி என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மழையில் நிறுத்தாமல் போனதைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. அவள் களைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சரி, செடியெல்லாம் நட்டபிறகு ஒருநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான். தேவையே இல்லாமல் தூளை நாலாம் தரமும் கழுவினான்.

மறுநாள் கலந்தார்கள். அவன் கலந்தான், அவள் கட்டிலை மேடைப் பக்கம் இழுத்துப் போடச் சொல்லிப் படுத்துக்கொண்டு பார்த்தாள். பிழிந்த தூள் இரண்டு பங்கு, எரு ஒரு பங்கு, பருமணல் அரைப் பங்கு. அவன் அள்ளி முடித்தபோது, "உன் வண்டல் எங்க?" என்று கேட்டாள்.

"அதான் ஆகாதே."

"தனியா ஆகாது. சலிச்சு அரைப் பங்கு போடு. வெறும் தூளா இருந்தா செடிக்குப் பிடிமானம் இருக்காது."

இதற்கு அவனுக்கு வந்த சந்தோஷம் அவன் வயதுக்குத் தகுந்ததல்ல. பழைய சல்லடையை எடுத்து, கட்டி உடைத்து, மாவு சலிப்பதுபோல மூன்று தரம் சலித்தான். கலந்ததை ஒரு பிடி இறுக்கிப் பிடித்துத் திறக்கச் சொன்னாள். உருண்டையாக நின்றது. விரலால் தட்டச் சொன்னாள். பொலபொலவென்று உதிர்ந்தது. "அவ்வளவுதான்" என்றாள்.

இருபத்திரண்டு வாளியையும் ஒரே நாளில் முடித்தான். துளைமேல் கல் போடாமல் கொசுவலைத் துண்டு போட்டான். கப்பைக் கத்தரித்து, வேரைச் சுற்றியிருந்த மண் உதிராமல் எடுத்து, கப்பில் எந்த ஆழத்தில் நின்றதோ அதே ஆழத்தில் வைத்தான். கட்டை விரல் பழக்கத்தில் அமுக்கப் போகும். "ஏய்" என்பாள். எடுத்துக்கொள்வான். வாளியைத் தரையில் ஒரு தட்டு தட்டி, அடியில் சொட்டுகிறவரை தண்ணீர் ஊற்றி, நாலு நாளைக்கு வெயில் படாமல் ஒரு பழைய போர்வையைக் கட்டி நிழல் போட்டான். மேடையில் இடம் போதாமல் படிக்கு ஒரு வாளி என்று இரண்டாம் மாடிவரை இறங்கியது. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். இவன் டிப்பர்காரன் குரலில் ஒரு பதில் சொன்னான், அவர் போய்விட்டார். அக்கா உள்ளேயிருந்து சிரித்தாள். சிரித்தால் இருமல் வந்தது, இருமினால் வலித்தது. அன்றைக்கு அவளுக்கு அது பரவாயில்லைபோல இருந்தது.

ஐந்தாம் நாள் எல்லாச் செடியும் தலையை நிமிர்த்தின. ஒன்றுகூடப் போகவில்லை. மூன்றாவது வாரம் புதுத் துளிர் கரும்பச்சையாக வந்தது. அவன் காலையில் வண்டி எடுக்குமுன் வந்து ஒவ்வொரு வாளியையும் தூக்கிப் பார்ப்பான். கனமாக இருந்தால் விட்டுவிடுவான், லேசாக இருந்தால் ஊற்றுவான். தப்பாக ஊற்றிவிட்டால் அவளிடம் வந்து ஒப்புக்கொள்வான்.

செடி ஏறிக்கொண்டே போயிற்று, அவள் இறங்கிக்கொண்டே போனாள். நாலாவது வாரம் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை போட்டார்கள். கரண்ட் வைக்கிற அறைக்கு நேர் மேல்மாடி வார்டு அது. கீழே போய் அந்தப் பச்சை பெஞ்சை அவன் ஒருதரம் பார்த்துவிட்டு வந்தான். வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் மகள் சாப்பிடப் போயிருந்தாள். அவன் கட்டில் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அக்கா விரலை அசைத்துக் கிட்டே வரச் சொன்னாள்.

"மொட்டு வந்துச்சா?"

"இன்னைக்குக் காலையிலதான் பார்த்தேன். ஏழெட்டுச் செடியில இருக்கு. நீ குடுக்கிற அன்னைக்குப் பூவோட ஜம்முனு இருக்கும்."

அவள் தலையை அசைத்தாள். வேண்டாம் என்கிற அசைப்பு. "முதல் பூவைக் கிள்ளிப் போட்டுடு. எல்லாத்துலயும்."

"எல்லாத்துலயுமா?"

"வேர் இன்னும் வாளியை ரொப்பல. இப்பவே காய்க்க விட்டா செடி தேறாது, நாலு காயோட நின்னுடும். உனக்கு ஆசையா இருக்கும், பூவோட குடுக்கணும்னு. குடுக்காதே. பூ இல்லியேன்னு அவங்க கேப்பாங்க. கேட்டா கேக்கட்டும். கிள்ளிடு."

சரி என்றான். அவள் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். நகக்கண்ணில் மண் ஏறியிருந்தது. அதைக் கட்டை விரலால் தேய்த்தாள். மழையில் நிறுத்தாமல் போனதைச் சொல்ல அவன் வாயெடுத்தபோது நர்ஸ் ஊசியோடு வந்தாள். பிறகு அக்கா தூங்கினாள். தூக்கத்திலேயே மறுநாள் காலை பத்தரை மணிக்குப் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் அவன் மேடைப் பக்கம் போகவில்லை. மகள்தான் தண்ணீர் ஊற்றினாள். மறுபரிசோதனை நாள் அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு ஏறினான். மகள் வாளிகளையெல்லாம் துடைத்து வைத்திருந்தாள். அவற்றில் இருபது செடி பூத்திருந்தது. சட்டைப் பொத்தான் அளவு வெள்ளைப் பூக்கள், முகத்தைத் தரைக்குக் காட்டிக்கொண்டு தொங்கின. மற்ற இரண்டில் மொட்டாக இருந்தது. காலை வெயில் இரும்புப் படிமேல் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

அவன் முதல் வாளி முன்னால் குத்துக்காலிட்டான்.

"மாமா" என்றாள் மகள். "அம்மா கையால விதை போட்ட செடி. அவங்க எல்லாம் அம்மாவைக் கேப்பாங்க. பூவாவது இருக்கட்டுமே, இன்னைக்கு ஒரு நாள்."

அவனுக்கும் அதுதான் ஆசை. இந்த வெள்ளையோடு இருபத்திரண்டையும் அந்த பெஞ்சு முன்னால் வரிசையாக இறக்கிவைத்தால் எப்படியிருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தான். அந்த மனுஷர்களுக்கு அவள் இல்லை என்பதை இவன்தான் சொல்ல வேண்டும். வெறும் இலையை நீட்டிக்கொண்டு அதைச் சொல்வது எப்படி என்று தெரியவில்லை.

"கிள்ளச் சொன்னா" என்றான்.

நகத்தைக் காம்பில் வைத்தான். மண்வெட்டி பிடித்த விரலுக்கு அந்தக் காம்பு இருப்பதே தெரியவில்லை. ஒரு தடவை தவறி இலையைப் பிடித்தான், விட்டான். பிறகு கிள்ளினான். அடுத்த வாளிக்கு நகர்ந்தான். மகள் கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். அப்புறம் அவளும் கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்தாள், மொட்டாக இருந்த இரண்டையும் விடாமல். நடுப்படியில் இருவரும் சேர்ந்தபோது கடைசி வாளியில் மூன்று பூ இருந்தது. மூன்றையும் அவன்தான் கிள்ளினான்.